முன்னால் நடப்பவனுக்குப் பிடித்த துப்பாக்கி எது?



போன மாதம் சங்க வேலையாக சிகாமட் பட்டணத்துக்குப் போயிருந்தோம். மத்தியானம் ஒரு கடையில் தே தாரிக் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தபோது, நமக்குத் தெரிந்த ஒரு இளைஞர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். செம்பனைத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுகிறவர். கைப்பேசியை எடுத்து வரிசையாகப் படம் காட்டினார். எல்லாம் துப்பாக்கிப் படங்கள்! ஒற்றைக்குழல், இரட்டைக்குழல், பம்ப் துப்பாக்கி, காற்றுத் துப்பாக்கி என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

"அண்ணே, நீங்க நாலு இடம் போறவரு. பன்னி சுட இதுல எது நல்லதுண்ணே?"

"ஏன் தம்பி, லைசென்சு வாங்கப் போறியா?" என்று கேட்டோம்.

"இல்லண்ணே. டவுன்லேருந்து ஒரு கூட்டம் ஞாயித்துக்கிழமைல வேட்டைக்கு வருது. நாங்க நாலு பேர் கூடப் போறோம். அவங்க வச்சிருக்கிறதைப் பார்த்தா ஆசையா இருக்கு."

அந்தத் தம்பிக்கு அப்போது நாம் சரியான பதில் சொல்லவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஆனால் அந்தக் கேள்வி மனத்தைவிட்டுப் போகவில்லை. நம் தோட்டங்களில் பல பிள்ளைகள் மனத்தில் இருக்கும் கேள்விதான் அது. ஆகவே, இந்த வாரம் அதற்கே இந்தப் பகுதியை ஒதுக்கிவிட்டோம்.

வேட்டை என்பது திருவிழா

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறோம். வேட்டையைப் பற்றிப் பேசினால் நமக்கும் பழைய ஞாபகம் வந்துவிடும். நாம் தோட்டப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த காலத்தில், பன்றி வேட்டை நாள் என்றால் லயமே விழித்துக்கொள்ளும். பொழுது விடியுமுன் அப்பா பாராங்கைத் தீட்டுவார். நாய்கள் நிலைகொள்ளாமல் சுற்றிச் சுற்றி வரும். மண்ணெண்ணெய் டின்னைத் தட்டிக்கொண்டு பெரியவர்கள் பெலுக்காருக்குள் இறங்குவார்கள். பிள்ளைகளாகிய நாங்கள் ரோட்டில் நின்று, "வருது! வருது!" என்று கத்துவோம். சாயங்காலம் கறியைக் கூறு போடுவார்கள். சாப்பிடாத வீட்டுக்காரர்கள் முகம் சுளித்தாலும் வேடிக்கை பார்க்க வராமல் இருக்க மாட்டார்கள்.

தோட்டத்துக்கும் இதில் காரியம் உண்டு. மறுநடவு செய்த பிளாக்கில் காட்டுப்பன்றி புகுந்தால் என்ன ஆகும் என்பதைக் கன்று நட்ட கைகளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. இளம் செம்பனையின் அடியைக் கிளறிக் குருத்தைத் தின்றுவிட்டால் கன்று போனது போனதுதான். லயத்துப் பின்புறம் நாம் போட்ட மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் ஒரே இராத்திரியில் உழுத நிலம் மாதிரி ஆகிவிடும். சிகாமட் வட்டாரம் பெக்கோக், லாபிஸ் பக்கம் காட்டை ஒட்டிக் கிடக்கிறது. எண்டாவ்-ரொம்பின் காட்டின் ஒரு வாசலே பெக்கோக் வழியாகத்தான் இருக்கிறது. ஆக, காட்டு மிருகத்துக்கும் தோட்டத்துக்கும் இங்கே நெடுநாள் வழக்கு.

நடுவில் பன்றிகள் குறைந்த காலமும் உண்டு. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2021-ல் நம் நாட்டில் முதலில் சபாவில் தெரிய வந்து, பிறகு தீபகற்பத்துக்கும் பரவியது. அது மனிதருக்குத் தொற்றாது. ஆனால் பன்றியை வீழ்த்திவிடும். காட்டில் செத்துக் கிடக்கும் பன்றியைத் தொடாமல் கால்நடைச் சேவை இலாகாவுக்குச் சொல்லுங்கள். கிடைத்த கறி என்று அறுத்துப் பங்கு போட்டு, நோயை ஊர் ஊராகக் கொண்டுபோகாதீர்கள்.

சுடுகிறவர்களுக்குப் பிடித்தவை

இப்போது தம்பி கேட்ட கேள்விக்கு வருவோம்.

நம் நாட்டு வேட்டைக்காரர் கையில் பெரும்பாலும் இருப்பது 12 நம்பர் துப்பாக்கி. அது என்ன 12? ஒரு இராத்தல் ஈயத்தை 12 சம உருண்டைகளாக வார்த்தால், அதில் ஒரு உருண்டை எந்தக் குழலுக்குச் சரியாகப் பொருந்துமோ அந்தக் குழல் 12 நம்பர். விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர். நம்பர் கூடினால் குழல் சிறுக்கும். 20 நம்பர் 12-ஐவிடச் சின்னது.

இதில் பழைய ஆட்களுக்குப் பிடித்தது நடுவில் மடக்கித் தோட்டா போடும் துப்பாக்கி. மலாய்க்காரர்கள் 'செனாப்பாங் பத்தா' என்பார்கள். ஒற்றைக்குழல் என்றால் ஒரே வெடி. இரட்டைக்குழல் என்றால் இரண்டு. அந்தக் காலத்தில் வெள்ளைக்காரத் துரைமார்களின் துப்பாக்கி என்றால் பர்மிங்ஹாம் நகரத்து வெப்ளி அண்டு ஸ்காட், கிரீனர் போன்ற பெயர்கள்தாம் பேச்சில் அடிபடும். பின்னாளில் இத்தாலியின் பெரெட்டா, ரஷ்யாவின் பைக்கால் போன்றவையும் பேர் வாங்கின. பைக்காலை விரும்புகிறவர்கள், "விலை கம்மி, மழையிலும் சேற்றிலும் மக்கர் பண்ணாது" என்பார்கள்.

அடுத்தது, தொடர்ந்து சுடும் வகை. ஜான் பிரவுனிங் என்ற அமெரிக்கர் வடிவமைத்து, பெல்ஜியத்தில் 1902 முதல் செய்யப்பட்ட 'ஆட்டோ-5' அதில் மூத்தது. விசையை ஒவ்வொரு தடவை இழுக்கும்போதும் ஒரு வெடி. அடுத்த தோட்டா தானாகவே ஏறிக்கொள்ளும். 1948-லிருந்து 1960 வரை நடந்த அவசரகாலத்தில் பிரிட்டிஷ் இராணுவம் மலாயாக் காடுகளில் இதைத் தூக்கிக்கொண்டு அலைந்தது. காட்டில் ஆளை ஆள் பார்க்கும் தூரம் மிகவும் கிட்டம்; அங்கே ரைபிளைவிட இது காரியத்துக்கு ஆகும் என்று கண்டுகொண்டார்கள். அமெரிக்காவின் ரெமிங்டன் 870 இன்னொரு வகை. 1950-ல் வந்தது. முன்கட்டையைப் பின்னே இழுத்து முன்னே தள்ளினால் அடுத்த தோட்டா ஏறும். உலகத்தில் ஒரு கோடிக்கு மேல் விற்றிருக்கிறது. இளவட்டங்களுக்கு இதன் 'கடக் கடக்' சத்தத்திலேயே மயக்கம்!

துப்பாக்கியைவிட முக்கியம் தோட்டா. ஒரு அவுன்ஸ் ஈயத்தில் 6ஆம் நம்பர் ரவை சுமார் 270 இருக்கும். அது புறாவுக்கும் காட்டுக்கோழிக்கும். பன்றிக்குப் போடுவது எஸ்.ஜி. அதில் ஒரு அவுன்சுக்கு 8 ரவைதான். ஒவ்வொன்றும் மொச்சைக்கொட்டை மாதிரி பருமன். இந்தக் கணக்கை நன்றாக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். காரணம் இருக்கிறது.

முன்னால் நிற்கிறவன் கணக்கு

சுடுகிறவர் பன்றியைக் குறி வைப்பது முப்பது, நாற்பது கெஜத்துக்குள். அதற்குள் ரவை ஒரு ஆள் மார்பு அகலத்துக்கு, சில சமயம் அதற்கு மேலும் பரவும். எட்டு ஒன்பது ரவையில் பன்றிமேல் பட்டது மூன்றோ நாலோ என்றால், மற்றவை எங்கே போயின? அவை நின்றுவிடுவதில்லை. எஸ்.ஜி. ரவை தடையில்லாத வெளியில் ஐந்நூறு கெஜத்துக்கும் மேலே போகக்கூடியது. கல்லிலோ மரத்திலோ பட்டால் திசை மாறியும் போகும்.

இப்போது வேட்டை நடக்கிற விதத்தை நினைத்துப் பாருங்கள். சுடுகிறவர்கள் ரோட்டோரமாகவோ வாய்க்கால் மேட்டிலோ வரிசையாக நிற்பார்கள். எதிர்ப்பக்கத்திலிருந்து பெலுக்காரைத் தட்டிக்கொண்டு, சத்தம் போட்டுக்கொண்டு, பன்றியைத் துப்பாக்கிப் பக்கம் விரட்டி வருவது யார்? நம் ஆள்தான். இன்றைக்கு அவரோடு ஒரு இந்தோனேசியத் தொழிலாளியோ வங்காளதேசத் தொழிலாளியோ இருப்பார். பன்றிக்கு நேர் பின்னால் வருகிறவர் அவரே. லாலான் புல்லும் பன்னையும் ஆள் உயரத்துக்கு நிற்கும். ஆள் குனிந்து வந்தால் புல்தான் அசையும். புல் அசைந்தால் பன்றி என்று ஒருவன் விசையை இழுத்துவிட்டால்?

"பன்றி என்று நினைத்துச் சுட்டேன்" என்ற வாசகத்தை நாம் பத்திரிகைகளில் எத்தனை முறை படித்திருக்கிறோம்! படித்துவிட்டு அடுத்த பக்கம் புரட்டியும் இருக்கிறோம். அது நம் வீட்டு வாசலுக்கு வந்த கதை ஒன்றைச் சொல்கிறோம்.

ஒரு மண்டோரின் நோட்டுப் புத்தகம்

சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது. நமது வட்டாரத்தில் ஒரு தோட்டம், பெயர் வேண்டாம். சனிக்கிழமை காலைப் பெரட்டில் மண்டோர் நாலு பேரை நிறுத்தினார். "நாளைக்குச் சின்னத் துரையோட கூட்டாளிங்க வர்றாங்க. மறுநடவு பிளாக்கிலே பன்னி விரட்டணும். ஏழு மணிக்கு வந்துடுங்க" என்றார். ஆளுக்கு இருபது வெள்ளி, கொஞ்சம் கறி. நாலு பேரும் போனார்கள்.

ஒன்பது மணிக்கு ஒரு வெடி. அதில் ஒரு பன்றியும் விழவில்லை. குலை வெட்டுகிற ஒரு அண்ணன் விழுந்தார். இரண்டு ரவை இடது முழங்காலில் பாய்ந்திருந்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு தடவை அறுத்து வைத்தியம் பார்த்தார்கள். உயிர் தப்பியது, முழங்கால் மடங்கவில்லை. சுட்டவர் நல்ல மனிதர்தான். ஆஸ்பத்திரிக்கு வந்து அழுதார், ஒரு உறையில் பணமும் வைத்துவிட்டுப் போனார். ஆனால் முப்பதடிக் கம்பைத் தூக்கிக் குலை அறுக்கிற மனிதனுக்குக் கால் போனால் ஒரு உறை எத்தனை நாளைக்கு வரும்?

ஆபீசில் கேட்டபோது என்ன சொன்னார்கள் தெரியுமா? "ஞாயிற்றுக்கிழமை செக்ரோலில் அவர் பெயர் இல்லை. வேலைக்குப் போகவில்லை, கறிக்குப் போனார்." அதோடு கதவு மூடியது.

அந்த அண்ணனின் மனைவி சங்க ஆபீசுக்கு வந்து உட்கார்ந்தார். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "தம்பி, எங்க வீட்டுல பன்னிக்கறியே சமைக்கிறதில்ல. அவரு கறிக்காகவா போனாரு? கூப்பிட்டாங்க, போனாரு. போகலேன்னா திங்கக்கிழமை எந்த மலைச்சரிவுல நிறுத்துவாங்கன்னு அவருக்குத் தெரியும்" என்றார்.

அவ்வளவுதான் வழக்கு. ஆனால் அதை எழுத்தில் காட்ட வேண்டுமே! சமூகப் பாதுகாப்பு நிறுவனமாகிய சொக்சோவுக்கு ஒரே ஒரு கேள்விதான் முக்கியம்: காயம் வேலையின் நிமித்தமாக, வேலையின்போது ஏற்பட்டதா? கூப்பிட்டது உண்மை என்று சொல்லக்கூடியவர் மண்டோர் ஒருவர். அவரோ நம்மைக் கண்டதும் பின்வாசல் வழியாகப் போய்விடுவார்.

இரண்டு இரவு அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தோம். "எனக்கும் மூணு பிள்ளைங்க இருக்கு தம்பி. என் வேலை போயிடும்" என்றார். நாம் கோபிக்கவில்லை. அவர் சொன்னதும் பொய்யில்லை. மூன்றாம் நாள் அவரே நம்மைத் தேடி வந்தார். சட்டைப் பையிலிருந்து, வேர்வையில் ஊறி ஓரம் மடங்கிப்போன ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். அதில் நாலு பேர் பெயர். கீழே, பிளாக் நம்பர், 'ஞாயிறு 7 மணி, பன்னி விரட்ட', பக்கத்தில் 'சி.து. சொன்னது'. வழக்கமாக எல்லா வேலையையும் எழுதுகிற மாதிரி இதையும் எழுதி வைத்திருக்கிறார்!

அந்த ஒரு பக்கம்தான் பேசியது. மாதங்கள் ஆயின, தாள்மேல் தாள் போயிற்று. கடைசியில் அது வேலை விபத்து என்று ஒப்புக்கொள்ளப்பட்டது. ஊனத்துக்கு உரிய தொகை கிடைத்தது. மண்டோர் வேலையும் போகவில்லை. அந்த அண்ணனால் மட்டும் இன்றைக்கும் கோயிலில் சம்மணம் போட்டு உட்கார முடியாது. தூணோரம் நின்றே சாமி கும்பிடுகிறார்.

லைசென்சு யார் பெயரில்?

அடுத்து சட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதில் நம் பிள்ளைகள் அறியாமல் மாட்டிக்கொள்கிறார்கள்.

1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, போலீஸ் தரும் லைசென்சோ பெர்மிட்டோ இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். 7 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். 1971ஆம் ஆண்டின் கடுந்தண்டனைச் சட்டத்தின் கீழ் குற்றம் சாட்டினால் 14 ஆண்டு வரை சிறையும், ஆறுக்குக் குறையாத பிரம்படியும். லைசென்சு ஒருவர் பெயரில் இருந்தால் அது அவருக்குத்தான். "கொஞ்ச நேரம் பிடிடா, நான் ஒதுங்கிட்டு வர்றேன்" என்று உங்கள் கையில் கொடுத்தால், பிடிக்காதீர்கள். அந்த நேரம் போலீஸ் ஜீப் வந்தால், கையில் வைத்திருப்பவனிடம்தான் முதல் கேள்வி வரும். பன்றி சுடுவதற்கு வனவிலங்கு இலாகாவின் அனுமதியும் தனியாக வேண்டும்.

குழாயை வெட்டி வீட்டிலேயே துப்பாக்கி செய்கிற புத்திசாலிகளும் இருக்கிறார்கள். சபா பக்கம் அதற்குப் 'பக்காகுக்' என்று பெயர். அது பன்றியைக் கொல்வதைவிட, வெடித்துச் சுடுகிறவன் முகத்தைச் சிதைப்பதற்குத்தான் அதிக வாய்ப்பு. அகப்பட்டால் மேலே சொன்ன சட்டம் அப்படியே பாயும். "பன்னிக்குத்தான் வச்சிருந்தேன்" என்பது நீதிமன்றத்தில் எடுபடாது.

இந்த நாட்டில் துப்பாக்கிச் சட்டம் ஏன் இவ்வளவு கடுமை என்று கேட்கலாம். அதற்குப் பின்னால் நம் இனத்தின் வரலாறும் இருக்கிறது. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி, ஒரு ரிவால்வர் வைத்திருந்தார் என்ற குற்றத்துக்காக 1949 மே 4ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். யாரையும் சுட்டார் என்று வழக்கு இல்லை. வைத்திருந்தார் என்பதே வழக்கு. அவசரகாலச் சட்டம் அப்படி இருந்தது. அது முடிந்த பிறகும், 1960-ல் வந்த உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, பாதுகாப்பு வட்டாரத்தில் அனுமதியின்றித் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தால் மரண தண்டனை என்றது. 1977-ல் பினாங்கில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கே அந்தத் தண்டனை விதிக்கப்பட்டு, நாடே அதிர்ந்தது. பிறகு அவன் தூக்கிலிருந்து தப்பினான். அந்தச் சட்டம் 2012-ல் ரத்தாயிற்று. தூக்குக் கயிறு இந்தக் குற்றத்தைவிட்டு விலகியது. சிறையும் பிரம்பும் விலகவில்லை.

காற்றுத் துப்பாக்கி விளையாட்டுச் சாமானா?

"அது வெறும் காத்துத் துப்பாக்கிதானே" என்று நினைக்கிற பெற்றோர்கள் தயவு செய்து இதைப் படிக்க வேண்டும். 1960ஆம் ஆண்டுச் சட்டம் 'ஆயுதம்' என்ற சொல்லுக்குள் காற்றுத் துப்பாக்கியையும் சேர்த்தே வைத்திருக்கிறது. அணில் சுடவும் வௌவால் சுடவும் கைப்பேசி வழியாக வாங்கித் தபாலில் வரவழைத்தால், வருவது பொட்டலம் மட்டுமல்ல, வழக்கும்தான். நம் காலத்தில் லாஸ்டிக்கோடு நிறுத்திக்கொண்டோம். அதற்கே பள்ளிக்கூடத்துக் கண்ணாடி உடைந்து பிரம்படி வாங்கினோம்!

குறி பார்த்துச் சுடுவதில் உண்மையிலேயே திறமையும் ஆசையும் உள்ள பிள்ளைகளுக்கு நேர்வழி இருக்கிறது. அது ஒலிம்பிக் விளையாட்டு. பத்து மீட்டர் தூரத்தில் 4.5 மில்லிமீட்டர் ரவையால் புள்ளி மாதிரி இருக்கும் நடுவட்டத்தைத் தொட வேண்டும். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் நம் நாட்டு நூர் சூர்யானி எட்டு மாதக் கர்ப்பிணியாக நின்று அந்தப் போட்டியில் சுட்டார். உலகமே திரும்பிப் பார்த்தது. சங்கத்தில் சேர்ந்து, சுடுகளத்தில், பயிற்றுநர் பார்வையில் பழகுவதே அதற்குரிய முறை. நம் பிள்ளைகளும் அங்கே போகட்டும். பெலுக்காரில் பழக வேண்டாம்.

துப்பாக்கி இல்லாமலும் வழி உண்டு

லயத்துத் தோட்டத்தைக் காப்பாற்றச் சிலர் வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் விட்டுவிடுகிறார்கள். ஐயா, அம்மா, அதைச் செய்யாதீர்கள்! இரவில் அந்த வழியாக வருவது பன்றி மட்டுமா? பக்கத்து வீட்டுப் பெரியவர் வருவார், விளையாடப் போன பிள்ளை வரும். தட்டித் தட்டிப் பாயும் வேலி மின்சாரத்துக்கு என்று தனிக் கருவி இருக்கிறது. அது அதிர்ச்சி தரும், ஆளைக் கொல்லாது. அதைத் தோட்ட நிர்வாகம் போட வேண்டும். கம்பிக் கண்ணி வைப்பதை 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது. கண்ணிக்குப் பன்றியும் தெரியாது, புலியும் தெரியாது. இளங்கன்றைச் சுற்றிக் கம்பிவலை கட்டுவது செலவுதான்; ஆனால் ஒரு முழங்காலைவிட அது மலிவு.

எலிக்கு நம் தோட்டங்களே ஒரு நல்ல வழி கண்டுபிடித்திருக்கின்றன. 1980-களிலிருந்து செம்பனைக் காட்டில் பெட்டி வைத்து வெண்ணாந்தை வளர்க்கிறார்கள். ஒரு ஜோடி ஆந்தை குஞ்சுகளோடு வருஷத்துக்கு ஆயிரம் எலிக்கு மேல் தின்றுவிடும். லைசென்சும் வேண்டாம், தோட்டாவும் வேண்டாம். ஆந்தை வீட்டைப் பார்த்து அலறினால் ஆகாது என்று கல்லெறிகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கட்டும்.

கூப்பிட்டால் என்ன கேட்பது?

வேட்டையே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. சட்டப்படி லைசென்சு உள்ளவர்கள் வந்து பன்றியைக் குறைத்தால் தோட்டத்துக்கும் நல்லது, நமக்கும் நல்லது. ஆனால் உங்களைக் கூப்பிட்டால், போவதற்கு முன்னால் நாலு கேள்வி கேளுங்கள். மரியாதையாகவே கேளுங்கள், ஆனால் கேளுங்கள்.

முதலாவது: இது வேலையா? வேலை என்றால் செக்ரோலில் என் பெயர் ஏறட்டும். ஞாயிறு என்றால் ஞாயிற்றுக்கு உரிய கூலி எழுதட்டும். எழுத மாட்டோம் என்றால் அது வேலையில்லை, போகவும் கட்டாயமில்லை.

இரண்டாவது: சுடுகிறவர்கள் யார் யார்? லைசென்சும் வனவிலங்கு இலாகா அனுமதியும் இருக்கிறதா?

மூன்றாவது: யார் எங்கே நிற்பது? விரட்டுகிறவர்கள் எந்தக் கோட்டைத் தாண்டி வரும்போது துப்பாக்கி நிற்க வேண்டும்? ஊதல் ஒன்று வேண்டும். கண்ணைப் பறிக்கிற நிறத்தில் சட்டை வேண்டும். ரோடு போடுகிறவர்களுக்குக் கொடுக்கிற அந்த ஆரஞ்சுச் சட்டையை நமக்குக் கொடுத்தால் என்ன கெட்டுவிடும்?

நாலாவது: அடிபட்டால் யார் வண்டி, எந்த ஆஸ்பத்திரி? வேலை விபத்து என்றால் 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். 2019 ஜனவரி முதல் வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் சொக்சோவின் வேலை விபத்துப் பாதுகாப்பு உண்டு. பக்கத்தில் நடந்து வரும் அந்த வங்காளதேசத் தம்பிக்கும் இதைச் சொல்லிவிடுங்கள். ரவைக்கு நாடு தெரியாது.

மண்டோர்மார்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் சட்டைப் பையில் இருக்கிற நோட்டுப் புத்தகத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். எது சொல்லப்பட்டதோ அதை எழுதுங்கள். தேதி போடுங்கள், யார் சொன்னது என்றும் எழுதுங்கள். ஒருநாள் அது ஒரு குடும்பத்துக்குச் சோறு போடும்.

கடைசியாக, கடையில் கேள்வி கேட்ட அந்தத் தம்பிக்குப் பதில். தம்பி, சுடுகிறவருக்குப் பிடித்த துப்பாக்கி வேறு. முன்னால் நடக்கிறவனுக்குப் பிடிக்க வேண்டிய துப்பாக்கி வேறு. பம்ப் துப்பாக்கியிலும் தானாக ஏறும் துப்பாக்கியிலும் உள்ளே தோட்டா இருக்கிறதா இல்லையா என்று எதிரே நிற்கிற உனக்குத் தெரியாது. மடக்குத் துப்பாக்கியில் தெரியும். நீ பெலுக்காரை விட்டு வெளியே வரும்போது, அந்த மனிதர் துப்பாக்கியை நடுவில் மடக்கி, வெறுங்குழலாகக் கைமடிப்பில் போட்டுக்கொண்டு நிற்கிறாரா என்று பார். அப்படி நின்றால் அது நல்ல துப்பாக்கி. அவரும் நல்ல வேட்டைக்காரர். அப்படி நிற்காதவர் எவ்வளவு விலை உயர்ந்த துப்பாக்கி வைத்திருந்தாலும் சரி, அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் முன்னால் நடக்காதே. வீட்டில் இரு. அம்மாவுக்குத் தண்ணீர் பிடித்துக் கொடு.